இடுப்புக் குடத்தின் கணக்கு

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர் கீழ்பென்னாத்தூர். வடக்கே செய்யாறும் தெற்கே தென்பெண்ணையும் ஓடுகின்றன. ஆயினும் பேராறு எதுவும் ஊரைத் தொட்டுச் செல்வதில்லை. பழைய வட ஆர்க்காட்டிலிருந்து 1989இல் பிரிக்கப்பட்ட திருவண்ணாமலை மாவட்டத்தின் பெரும்பகுதியைப் போலவே இதுவும் ஏரியையும் கிணற்றையும் நம்பிய நிலம். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவங்களிலுமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இதைக் குறைந்த மழை என்று சொல்ல இயலாது. குறை நிலத்தின் அடியில் இருக்கிறது. மேலே சில அடி மண், அதன்கீழ் சிதைந்த பாறை, அதற்கும் கீழ் கெட்டியான கருங்கல். ஆற்றுப் படுகை மணலைப் போல இந்நிலம் நீரைக் குடித்து வைத்துக்கொள்வதில்லை. பாறைச் சிதைவிலும் வெடிப்பிலும் தங்கிய அளவே கிணற்றில் ஊறும், எஞ்சியது ஓடிவிடும்.

நீரைப் பற்றி எழுதப் புகுவோர் வள்ளுவரின் வான்சிறப்பில் தொடங்கிப் பட்டினப்பாலையின் காவிரியில் வந்து நிற்பது மலர்க் கட்டுரைகளின் வழக்கம். இவ்வட்டாரத்துக்கென்றே சங்கப் பாட்டு ஒன்று உண்டு. இன்று செங்கம் என வழங்கும் செங்கண்மாவில் இருந்து ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளில் மலையையும் அருவியையும் சேயாற்றையும் காட்டுகிறது. வெள்ளத்தைப் பாடிய அந்த நெடிய மரபில், வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போன நீருக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லும் பாட்டு அரிது. ஒரு குடும்பம் ஒரு குடம் நீரை எத்தனை முறை பயன்படுத்தியது என்பதும் வரலாறுதான். கல்வெட்டில் ஏறாத வரலாறு.

கல்வெட்டிலும் ஏட்டிலும் ஏறிய நீர்வரலாறு பெரியது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்தைப் பேசுகின்றன. இம்மாவட்டத்தின் வடகோடியில் மாமண்டூரில் பல்லவர் காலத்துச் சித்திரமேகத் தடாகம் இன்றும் ஏரியாக நிற்கிறது. கரையைக் காக்க ஊரார் உழைக்கும் குடிமராமத்து வழக்கத்தை 1858இல் சென்னை மாகாண அரசு சட்டமாகவே எழுதிக்கொண்டது. ஏரிக்கு வாரியமும் இருந்தது, சட்டமும் இருந்தது. குடத்துக்கு இரண்டும் இல்லை. ஆனால் ஏரி நிறைந்தால்தான் கரையடிக் கிணறு ஊறும். கிணறு ஊறினால்தான் குடம் நிறையும். கலங்கல் வழிந்த ஆண்டில் வீட்டில் தாராளம், ஏரி வறண்ட ஆண்டில் வீட்டில் கணக்கு என்ற முறையில் அந்தப் பெரிய வரலாறு அடுக்களை வரை வந்து சேர்ந்தது.

நீர் எளிதாக ஏறி வந்த மாளிகை ஒன்றும் அருகிலேயே உண்டு. செஞ்சிக் கோட்டையின் கலியாண மகாலில், மதிலுக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து சுட்ட மண்குழாய் வழியாக நீர் உள்ளே கொண்டுவரப்பட்டு மேல்மாடிகள் வரை ஏற்றப்பட்டது. சர்க்கரைக்குளம், செட்டிக்குளம், ஆனைக்குளம் எனப் பல குளங்களைச் சூழ வைத்துக்கொண்ட கோட்டை அது. 1714இல் தேசிங்குராசன் வீழ்ந்த கதையைப் பாடும் நாட்டுக் கதைப்பாடல் அவன் குதிரையை மறப்பதில்லை. அந்தக் கோட்டைக்கு நீர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டவர் குறைவு. 2025 ஜூலையில் செஞ்சி உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இனி வரும் பயணிகளேனும் அந்த மண்குழாயை நின்று பார்ப்பார்களாக. குழாய் வழியே வரும் நீருக்கு அளவு தெரியாது என்பதை நம் நாட்டில் முதலில் அறிந்தவை அரண்மனைகள்தாம்.

மலைமேல் வாழ்ந்தவர்கள் நிலை வேறு. இரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை அருணாசல மலையில் விரூபாட்சக் குகையில் இருந்தார். கோடையில் அங்கே நீர் வற்றும். அப்போது அவரும் உடனிருந்தோரும் முலைப்பால் தீர்த்தத்தின் அருகேயுள்ள மாமரத்துக் குகைக்கு இடம் பெயர்வர். நீர் இருக்கும் இடத்துக்கு ஆள் போய்விடுவது துறவிக்கு இயலும். அடுப்பும் மாடும் குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு இயலாது. அங்கே நீர்தான் ஆளைத் தேடி வர வேண்டும். அது பெண்ணின் இடுப்பில் ஏறி வந்தது.

குடம் என்பது ஏறத்தாழ பதினைந்து லிட்டர். ஒரு வீட்டுக்கு நாளைக்குப் பத்துக் குடம் என்றும், கிணறு அரைக் கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு குடமாகச் சுமப்பவளுக்குப் போக வரப் பத்துக் கிலோமீட்டர் நடை. அதில் பாதி சுமையோடு. தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக எடுத்தால் நடை பாதியாகும், கழுத்துக்கு வலி இரட்டியாகும். கயிற்றை இழுத்த உள்ளங்கைக் காய்ப்பு தனிக் கணக்கு. இந்தக் கணக்கைத் தன் உடம்பில் வைத்திருந்தவள் ஒரு செம்பு நீரையும் வீணே கொட்டமாட்டாள். ‘சிக்கனம்’ என்று இன்று பாராட்டப்படும் பழக்கங்கள் எல்லாம் இந்த நடையிலிருந்து பிறந்தவை.

அப்பழக்கங்களை நிதானமாகப் பார்ப்பது தகும். அரிசி களைந்த முதல் நீர் கழுநீர்ப் பானைக்குப் போயிற்று. அங்கிருந்து தவிடு கலந்து மாட்டுத் தொட்டிக்கு. இரண்டாம் முறை களைந்த நீரில் கீரை கடையவும் குழம்பு கூட்டவும் செய்தனர். சோறு வடித்த கஞ்சியில் ஒரு பங்கு குடிக்க, ஒரு பங்கு வேட்டி சேலைக்கு மொடமொடப்பு ஏற்ற. பற்றுப் பாத்திரத்தைச் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்து, இரண்டு சட்டி நீரில் முக்கி எடுத்தனர். முதல் சட்டி கலங்கியதும் அது பூசணிக் கொடிக்கு. இரண்டாம் சட்டி அடுத்த வேளைக்கு முதல் சட்டியாகும். குளிக்கும் கல் வாழையின் அருகிலோ தென்னையின் அருகிலோ கிடந்தது, தற்செயலாகக் கிடந்ததன்று. வெளியிலிருந்து வந்தவர் கால் கழுவும் இடத்தில் முருங்கை நின்றது. காய்கறி அலசிய நீரில் கறிவேப்பிலை தழைத்தது. வாசல் தெளிக்கச் சாணம் கரைத்த நீர் மட்டுமே மண்ணோடு முடிந்தது; அதுவும் புழுதியை அடக்கிவிட்டே முடிந்தது. ஏரி நீரோ குட்டை நீரோ கலங்கலாக வந்த நாள்களில் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துத் தெளிய வைத்தனர். தெளிந்தது குடிக்க, அடியில் நின்ற வண்டல் செடிக்கு.

மழை நாளில் கூரையின் இறவாணத்தடியில் அண்டாவும் தவலையும் வரிசையாக ஏறும். வாயில் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். பாறைக் கிணற்றின் உப்பேறிய நீரில் பருப்பு வேகாது. மழைநீரில் விரைவில் வெந்துவிடும். நீரில் கரைந்த சுண்ணாம்புச் சத்தே பருப்பை இறுக்குகிறது என்று வேதியியல் விளக்கும். விளக்கம் தெரியாத வீட்டில் விறகுச் செலவு அதை விளக்கிவிட்டது.

இதையெல்லாம் பொற்காலம் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. பலர் எழுதியும் விட்டனர். ஆனால் அந்தக் கணக்கை வைத்திருந்தவர் யார், கிணற்றடியில் நிற்க உரிமை பெறாதவர் யார் என்ற இரண்டு கேள்விகளை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது. ஊர்க் கிணறு எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் குளத்திலும் ஒடுக்கப்பட்டோர் புழங்கத் தடை கூடாது என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார். மூன்றாண்டு கழித்து 1927 மார்ச்சில் மகாராஷ்டிரத்து மகாடில் அம்பேத்கர் சவதார் குளத்து நீரை அள்ளிப் பருகியது உலகறிந்த செய்தி. தீண்டாமையைக் குற்றமாக்கும் நடுவண் சட்டம் 1955இல்தான் வந்தது. தீர்மானம் நிறைவேறிய பின்னும் பல சேரிப் பெண்கள், ஊர்க் கிணற்றருகே குடத்தோடு நின்று, யாரேனும் இறைத்து ஊற்றும்வரை காத்திருந்தனர். ஊருக்குள் இருந்தவளுக்கு நீரின் விலை நடை. அவளுக்கு நடையோடு காத்திருப்பும். இருவர் வீட்டிலும் கழுநீர்ப் பானை இருந்தது. இருவர் சிக்கனமும் ஒன்றன்று.

கவிஞர்கள் கூடும் அவையில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குடமேந்தி வரும் பெண் தமிழ்க் கவிதையிலும் திரைப்பாட்டிலும் அழகின் படமாகவே பெரும்பாலும் வந்திருக்கிறாள். இடுப்பின் வளைவைப் பார்த்த கண், அது சுமையால் வளைந்தது என்பதைப் பார்க்கவில்லை. நீரற்ற சிற்றூரின் துயரை மேடைக்குக் கொண்டுவரக் கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகம் 1980இல் வர வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அதை கே.பாலசந்தர் படமாக்கினார். நாடகத்தை நாடே பேசியது. கவிதை இன்னும் சற்றுப் பின்தங்கியே நிற்கிறது.

குடத்தின் கணக்கை முதலில் மாற்றியது கைப்பம்பு. பாறை நிலத்தில் ஆழ்துளை இட்டு அமைப்பதற்கென்றே 1970களில் யுனிசெப் துணையோடு உருவான ‘இந்தியா மார்க் 2’ பம்பு கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதிக்கப்பட்டு, பின்னர் நாடு முழுதும் பரவியது. நாற்பது முறை அழுத்தினால் பன்னிரண்டு லிட்டர் என்பது அதன் கணக்கு. ஒரு குடத்துக்கு ஐம்பது. கயிறு போயிற்று, நடை குறைந்தது, நீரும் தூய்மையாயிற்று. அளவு மட்டும் உடம்பிலேயே இருந்தது. அதே காலத்தை ஒட்டிப் பிளாஸ்டிக் குடமும் வந்தது. பித்தளையின் எடையும் மண்குடத்தின் உடையும் இயல்பும் இல்லாத அந்தக் குடத்தைப் பழமை விரும்பிகள் பழிப்பதுண்டு. சுமந்தவர்கள் பழித்ததாகத் தெரியவில்லை.

நிலத்துக்கு அடியில் நடந்தது வேறு. 1960கள் தொடங்கி மின்சாரம் கிணற்றுக்கு வந்தது. கவலையும் ஏற்றமும் ஓய்ந்தன. குறுகிய கால நெல் வந்தது. கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1973-74இல் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் பசுமைப் புரட்சியின் விளைவை ஆராய்ந்தனர். பி.எச்.ஃபார்மர் பதிப்பித்து 1977இல் வெளிவந்த அந்நூலில் இலங்கைப் புவியியல் அறிஞர் மத்தும பண்டார, இப்பகுதியின் நிலத்தடி நீர் ஊறுவதைவிட வேகமாக இறைக்கப்படுவதை எச்சரித்தார். எச்சரிக்கை நூலில் இருந்தது; பம்புகள் வயலில் பெருகின. 1990 வாக்கில் எல்லா உழவர்க்கும் பம்பு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்தது. கடன் வாங்கி வெட்டிய கிணற்றில் நீருக்காகப் போராடிய உழவனுக்கு அது தேவையான உதவியே; அதில் ஐயமில்லை. ஆயினும், நீரின் விலையைக் காட்டும் கடைசிக் கருவியும் அன்றோடு ஓய்ந்தது. திறந்த கிணற்றில் எட்டிப் பார்த்தால் நீர் எவ்வளவு இறங்கியது என்று தெரியும். ஆழ்துளைக் கிணற்றில் எட்டிப் பார்க்க இடமே இல்லை.

வீட்டுக்குள்ளும் இதுவே நடந்தது. தெருவில் மேல்நிலைத் தொட்டியும், பின்னர் மினி பவர் பம்பும், பின்னர் வீட்டுக் குழாயும் வந்தன. கழுநீர்ப் பானை போனதற்குக் குழாய் மட்டும் காரணமன்று. இதை நீர்ச் சிக்கனம் பேசுவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மாடுகள் குறைந்தன, களைந்த நீரைக் குடிக்க வாய் இல்லை. சாம்பல் இருந்த இடத்தில் சலவைத் தூளும் பாத்திரக் கட்டியும் வந்தன. அவற்றின் உப்பு மண்ணை இறுக்கும். மாட்டுக்கும் ஆகாது, அவரைக்கும் ஆகாது. இரண்டு சட்டியில் முடிந்த பாத்திரம், நுரை போக ஓடும் குழாயடியில் நாலு சட்டி நீரைக் கேட்டது. தோட்டத்துக்குச் சிமென்ட் போட்டதும் குளிக்கும் கல்லுக்கும் வாழைக்கும் இருந்த உறவு அறுந்தது. ஒரு நீரை மூன்று முறை பயன்படுத்திய சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாக விட்டுப்போயிற்று. நொடிக்கு ஒரு சொட்டாக ஒழுகும் குழாய் நாளைக்கு ஏறத்தாழ இருபது லிட்டரைக் கொண்டுபோகிறது. பழைய கணக்கில் ஒரு குடத்துக்கும் மேல். தொலைவிலிருந்து அதைச் சுமந்து வந்திருந்தால், அன்றைக்கே திருகில் துணியாவது சுற்றியிருப்பார்கள்.

கூரை நீரை மீண்டும் நினைவுபடுத்தியது ஒரு சட்டம். தொடர்ந்து மழை பொய்த்த நிலையில், 2003 ஜூலையில் ஜெ.ஜெயலலிதா தலைமையிலான தமிழக அரசு, பழையதும் புதியதுமான எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கி அவசரச் சட்டம் பிறப்பித்தது. ஆகஸ்டு இறுதி என்று கெடு வைத்தது. அமைக்காத வீட்டின் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும், அரசே அமைத்துச் செலவைச் சொத்துவரியோடு வசூலிக்கவும் அதில் இடம் இருந்தது. மாநிலம் முழுதும் சில வாரங்கள் பிவிசி குழாய்க்கும் கொத்தனாருக்கும் வந்த கிராக்கி சொல்லி மாளாது. பழைய கிணற்றைத் தூர்த்துவிட்டு வீடு கட்டியவர்கள், கிணற்றை விட்டுவைத்த அண்டை வீட்டாரைப் பொறாமையோடு பார்த்தனர். கூரைக் குழாயை அந்தக் கிணற்றில் இறக்கினாலே போதுமானதாக இருந்தது.

இதன் கணக்கு எளியது. நூறு சதுர மீட்டர் கூரையில் 1000 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லட்சம் லிட்டர். சிந்தியதும் ஆவியானதும் போக எண்பதாயிரம் என்று கொள்ளலாம். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. நால்வர் குடும்பத்துக்கு 220 லிட்டர். எண்பதாயிரத்தை அதனால் வகுத்தால் 363 நாள் வருகிறது. ஆண்டில் இரண்டு நாள் மட்டும் விருந்துக்குப் போனால் போதும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அத்தனை நீரையும் தேக்க ஏறத்தாழ ஒரு வீட்டின் அளவு தொட்டி வேண்டும் என்பதால், நிலத்துக்குள் அனுப்பி வைப்பதே நடைமுறையானது. நூறு சதுர மீட்டர் கூரை இல்லாத வீடுகளே நாட்டில் மிகுதி என்பதையும் மறக்கலாகாது. குடிசைக்கு அண்டாவே சேகரிப்பு.

சட்டத்துக்குப் பின் நல்ல மழை பெய்த ஆண்டுகளில் சென்னையின் பல பகுதிகளில் கிணற்று நீர்மட்டம் உயர்ந்தது. ஆனால் கெடுவுக்காகக் கட்டியவை பலவும் கெடு முடிந்ததும் கவனிப்பாரற்றுப் போயின. சல்லியும் மணலும் இட்ட குழி ஆண்டுக்கு ஒரு முறையாவது தூர் எடுக்கப்பட வேண்டும். எடுக்காத குழி வண்டல் அடைத்து வெறும் பள்ளமாகும். குழியைக் கட்டியவர் கொத்தனார், கட்டச் சொன்னது அரசு. வீட்டில் நீரின் போக்கை நாள்தோறும் அறிந்திருந்தவளிடம் குழியை எங்கே வைப்பது என்று கேட்டவர் சிலரே.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் காவிரி நீர் ரயிலில் ஏறிச் சென்னை வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. குடக் கணக்கில் அது ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அனுப்பும் இடத்தில் எதிர்ப்பும் எழுந்தது. அங்கேயும் பெண்கள் குடத்தோடுதான் நின்றுகொண்டிருந்தனர். ஐந்தாண்டு கழித்து, ஃபெஞ்சல் புயலின் மழையில் 2024 டிசம்பர் 1 இரவு அண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரே வீட்டில் ஏழு பேர் புதையுண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் பெருவெள்ளம் திறக்கப்பட்டது. ஆண்டு முழுதும் வர வேண்டிய நீரில் பெரும்பகுதி சில நாளில் வந்து போய்விடும் இந்நிலத்தின் இயல்பு அதிலும் தெரிந்தது.

சிக்கனப் பழக்கங்களில் சில வேறு வடிவில் திரும்பி வருகின்றன. குளியலறை நீரைக் கல்வாழையும் சேம்பும் நட்ட பாத்தி வழியே விட்டால் அவற்றின் வேர் அதைப் பெருமளவு தெளிவிக்கும். சலவை நீரை மட்டும் தனியே பிரித்துவிட வேண்டும். சீயக்காய் அரப்புக் காலத்து வாழை மரத்தடியை இன்றைய சோப்புக்கு ஏற்பத் திருத்திய முறை என்று இதைச் சொல்லலாம். கழுவு தொட்டியின் கீழ் ஒரு வாளி வைத்தால் அரிசி களைந்த நீர் மீண்டும் செடிக்குப் போகும். சட்டி இரண்டு என்ற முறைக்குச் செலவே இல்லை. இவற்றுக்கு மானியமும் வேண்டாம், கெடுவும் வேண்டாம். ஆணும் ஒரு நாள் அந்த வாளியைத் தூக்கினால் கணக்கு விரைவில் புரியும்.

மழைநீர்ச் சேகரிப்புக்கான இன்றைய கையேடுகள் எல்லாம் ஒரு விதியை வலியுறுத்துகின்றன: பருவத்தின் முதல் மழையைத் தொட்டிக்குள் விடக்கூடாது, கூரையின் தூசியும் பறவை எச்சமும் கழுவிப் போகத் தனி வடிகால் வைக்க வேண்டும். இறவாணத்தடியில் அண்டா வைத்த வீடுகளில் இவ்வடிகால் இருந்ததில்லை. முதல் மழைக்கு அண்டாவை எடுத்து வைக்கவே மாட்டார்கள். ஓடு கழுவி, வழியும் நீர் நிறம் மாறிய பிறகே, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒருத்தி அண்டாவை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வருவாள்.